பட்டினி கிடக்கும் வண்டி

மார்ச் 4, திங்கள்

இன்று காலை ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். பாதுகாப்புக்காக இல்லை. தள்ளுகிற வண்டியிலிருந்து விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. தெரிந்தவர்கள் என்னை அடையாளம் கண்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். முன்கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டேன். உள்ளே என் மூச்சே எனக்கு ஆவி பிடித்தது. மெக்கானிக் கடை வரைக்கும் யாரும் கூப்பிடவில்லை, யாரும் சிரிக்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை வீட்டுக்கு வந்தால் மாடி வீட்டுக்காரர் படிக்கட்டில் காத்திருக்கிறார். "காலைல வண்டியைத் தள்ளிட்டுப் போனீங்களே, என்ன ஆச்சு?"

"அது நான்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை சற்றுக் கீழே இறங்கி, சட்டையின் நான்காவது பொத்தான் உயிருக்குப் போராடும் இடத்தில் நின்றது. "கண்டுபிடிச்சேன்," என்றார்.

மனிதர் இதை இந்நேரம் தெருமுனை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வண்டி நின்றிருந்தால் நான் அடுத்த தெரு வரைக்கும் கொண்டுபோயிருப்பேன்.

மார்ச் 5, செவ்வாய்

வண்டியின் நோயை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். டாக்டரிடம் போகிறவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டுமாம்.

வீட்டு வாசலில் ஒரே உதையில் கிளம்புகிறது. பெரிய சாலையில் ஏறுகிறது, மரக்கடையைத் தாண்டுகிறது. பள்ளிக்கூடத்து மதில் முடிகிற இடத்தில் முதல் விக்கல் வருகிறது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் விக்கல் கூடுகிறது. பிறகு, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போகிற பெரிய மனிதர்போல, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அடங்கிவிடுகிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் இவள், என் மனைவி, இறங்குவாள். நான் இறங்குவேன். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பேன். 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு வரும். பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டு உதைத்தால், கொஞ்சம் முறைத்துக்கொண்டு பிறகு கிளம்பிவிடும். அதாவது, எட்டிப் பார்த்து நலம் விசாரித்தால் கிளம்புகிறது. நேற்று நலம் விசாரிக்காமல் சோக்கை இழுத்து வெறிகொண்டு உதைத்தேன்; கடைசிவரை மசியவில்லை.

இது நடப்பது காலையில், இவளைக் கொண்டுபோய் விடும்போது மட்டும். தனியாகத் திரும்பும்போது வண்டி தங்கமாக ஓடுகிறது. தனியாக ஆபீஸ் போகும்போதும் அப்படியே.

இவள் வேலைக்குப் போக ஆரம்பித்தது போன மாதம்தான். ரத்தப் பரிசோதனை லேப். பெண் வெளியூருக்குப் படிக்கப் போனபின் வீட்டில் யாரும் பேசுவதில்லை என்றாள். நான் பேசுகிறேனே என்றேன். அதனால்தான் வேலைக்குப் போகிறேன் என்றாள். காலை ஏழு மணிக்கு லேப் ஷட்டரைத் தூக்குவது இவள் பொறுப்பு, சாவி இவளிடம். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அதற்கு முன்பே வந்து நின்றுவிடுவார்கள். இரவிலிருந்து சாப்பிடாதவர்கள், ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காதவர்கள். உலகத்தில் இவர்களைவிடக் கோபமான கூட்டம் கிடையாது. நான் வைத்திருக்கும் பெயர் பட்டினிப்படை. எல்லாருக்கும் முன்னால் நிற்கிற ஓய்வுபெற்ற பெரியவர்தான் தளபதி. தாமதமாகப் போய் இறங்கினால் அவர் இவளைப் பார்க்கமாட்டார், என்னைத்தான் பார்ப்பார். பசியில் இருக்கிற மனிதர் அப்படிப் பார்த்தால் நமக்கே எங்கோ கடிபட்டதுபோல இருக்கும்.

மார்ச் முடிந்ததும் இவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று லேப்பை நடத்தும் டாக்டரம்மா சொல்வார். அந்நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. ஆட்டோ கூப்பிட்டால் வருவதும் வராததும் ஆட்டோக்காரர் தூக்கத்தைப் பொறுத்தது. "நான் கொண்டுபோய் விடறேன், நீ தைரியமா சேரு" என்று வாக்குக் கொடுத்தவன் நான். வாக்கு மட்டுமா? அவள் சாப்பாட்டுப் பையைக்கூட அவள் மடியில் வைத்துக்கொள்ள விடுவதில்லை. "நீ கைய வீசிக்கிட்டு ராணி மாதிரி உக்காரு" என்று முதல் நாளே வாங்கி எனக்கு முன்னால் வைத்துக்கொண்டேன். கணவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கலாம்.

மார்ச் 7, வியாழன்

மெக்கானிக்கின் பெயர் 'நாளைக்கு'. அவன் அம்மா அப்பா வைத்தது வேறு. எதைக் கேட்டாலும் அவன் சொல்கிற பதில் இது என்பதால் வாடிக்கையாளர்கள் வைத்தது. ஆள் ஒல்லி. இரண்டு பேர் போடவேண்டிய சட்டையை ஒருவனாகப் போட்டிருப்பான்.

இன்று அதிசயமாக அந்தப் பதில் வரவில்லை, இன்றே கைவைத்தான். திங்களன்று நடந்ததற்குக் காரணம் வண்டி இல்லையாம். "நீங்க உதைச்ச உதையில பெட்ரோல் ரொம்பிப் பிளக் நனைஞ்சிருச்சு சார். நீச்சல் தெரியாதவனக் கெணத்துல தள்ளின மாதிரி." சரி, அதற்கு முன்னால் ஏன் நின்றது? அதற்குத்தான் ஆராய்ச்சி. பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், பொறி வருகிறது. அப்படியானால் நெருப்பு இருக்கிறது, சாப்பாடுதான் போகவில்லை. டேங்க்கிலிருந்து வருகிற ரப்பர் குழாயைப் பிடுங்கி ஒரு பாட்டிலில் விட்டான். பெட்ரோல் தாராளமாக விழுந்தது. கார்ப்பரேட்டரைப் பிரித்து ஊதினான். ஃபில்டரை மாற்றினான். குழாயை மாற்றினான். கடைசியில் டேங்க் மூடியைக் கழற்றி, அதிலிருந்த குண்டூசி ஓட்டையில் வாயை வைத்து ஊதினான்.

"இது எதுக்குப்பா?"

"காத்துப் போற ஓட்ட சார். பெட்ரோல் கீழ எறங்க எறங்க மேலேர்ந்து காத்து உள்ள போகணும். இது அடைச்சா டேங்க் பூட்டிக்கும், பெட்ரோல் எறங்காது. ஆனா உங்களுது ஜோரா இருக்கு, பாருங்க." என் கன்னத்தில் ஊதிக் காட்டினான். பீடி வாசனையோடு காற்று வந்தது. ஓட்டை நிரபராதி.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். தண்ணீர் மோட்டார் கம்பெனியில் புகார் போன் எடுப்பது என் பிழைப்பு. மோட்டாரைக் கண்ணால் பார்க்காமலேயே, பேசுகிறவரின் குரலை வைத்து எங்கே அடைப்பு என்று சொல்லிவிடுவேன். இருக்கையை விட்டு எழுந்ததே இல்லை. அதன் விளைவுதான் நான்காவது பொத்தான்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். நிற்கவில்லை. "அம்சமா ஓடுது சார்."

மார்ச் 8, வெள்ளி

நின்றது. அதே மதில். மதில் மேல் உட்கார்ந்திருந்த பூனை எங்களைப் பார்த்ததும் எழுந்து சோம்பல் முறித்தது. பழகிவிட்டது போலிருக்கிறது.

மார்ச் 9, சனி

புதிய கண்டுபிடிப்பு: எல்லாம் பெட்ரோல் பங்க்காரன் வேலை.

நேற்று மாலை டேங்க்கை வாய்வரைக்கும் நிரப்பினேன். இன்று வண்டி மதில்வரைக்கும்கூட வரவில்லை, மரக்கடையிலேயே நின்றுவிட்டது. நிரப்பினால் சீக்கிரம் நிற்கிறது, குறைவாக இருந்தால் கொஞ்சம் தாமதமாக நிற்கிறது. அதிகமாகச் சாப்பிட்டால் மயக்கம் வருகிற வண்டியை நான் இப்போதுதான் பார்க்கிறேன். கலப்படம் இல்லாமல் வேறென்ன? தண்ணீர் கலக்கிறான். ஆபீஸில் நாலு பேரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை கூடியது. நாலாவது ஆளிடம் சொல்லும்போது மண்ணெண்ணெயையும் சேர்த்துக்கொண்டேன்.

பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த 'நாளைக்கு', "சுத்தமான பெட்ரோல் சார்" என்றான். நாலு பேரிடமும் போய் மறுத்துச் சொல்ல வேண்டும். சொல்வேனா? மாட்டேன். பங்க்காரன் என்னைப் பார்த்துச் சிரித்ததேயில்லை.

மார்ச் 10, ஞாயிறு

காலை காப்பி குடிக்கும்போது, பொதுவாகப் பேசுகிற தோரணையில் ஆரம்பித்தேன்.

"ஏம்மா, நான் தனியாப் போனா நிக்கலை. ரெண்டு பேராப் போனாத்தான் நிக்குது. பாரம் அதிகமானா இன்ஜினுக்கு மூச்சு வாங்கும் போலிருக்கு."

இவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "எந்தப் பாரத்தைச் சொல்றீங்க?"

"பொதுவாச் சொல்றேன்."

"பொதுவாச் சொல்லும்போது கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லுங்க."

விஞ்ஞானம் என்றால் சோதனை வேண்டும். மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். அவர் இவளைப்போல் ஒன்றரை ஆள். டயர் ஒரு அங்குலம் பூமிக்குள் போனது. மரக்கடை, மதில், லேப், அதையும் தாண்டி ரயில் பாதைவரைக்கும் போய்த் திரும்பினோம். வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. "நல்லா ஓடுதே, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இப்படி ஒரு ரவுண்டு போலாமே" என்றார் அவர்.

ஆக, பாரம் காரணமில்லை. முடிவு இதுதான்: வண்டிக்கு இவளைப் பிடிக்கவில்லை, அல்லது இவள் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. இதை இவளிடம் சொன்னேன். "வண்டிக்கா, வண்டி ஓட்டறவருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேடிக்கையாகத்தான் கேட்டாள். வேடிக்கையாகத்தானே கேட்டாள்?

மார்ச் 11, திங்கள்

இன்று நன்றாக இல்லை.

மதிலருகே நின்றது. திறந்தேன், பார்த்தேன், மூடினேன், உதைத்தேன். கிளம்பியது. லேப் இருக்கிற தெருவுக்குள் திரும்பும்போது மறுபடி நின்றது. இவள் காத்திருக்காமல் பையை வாங்கிக்கொண்டு ஓடினாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பு ஒரு பக்கம் நழுவ நழுவ ஓடினாள். இவள் ஓடி நான் பார்த்ததேயில்லை. நான் உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்ச் சேரும்போது பட்டினிப்படை சாலைவரைக்கும் நின்றது. ஒரு அம்மா மயக்கமாக வருகிறது என்று படியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மாவே வந்து நின்றிருந்தார். இவள் அவசரத்துக்குச் சாவி பூட்டுக்குள் நுழையவில்லை. தளபதிதான் வாங்கித் திறந்தார்.

மதியம் வழக்கம்போல லேப் பின்னறையில் சாப்பிடப் போனேன். இவள் டப்பாக்களைத் திறந்து வைத்தாள். கடைசியில் சொன்னாள்: "இன்னொரு தடவ லேட்டானா வேற ஆள் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. கோவமாக்கூடச் சொல்லலைங்க. மெதுவாச் சொன்னாங்க."

"வண்டியை இந்த வாரம் எப்படியும்..."

"இத்தன வருஷத்துல நம்ம வீட்டுச் சாவிகூட உங்க பாக்கெட்லதான் இருந்திருக்கு. இது ஒண்ணுதான் என் சாவி. என்னை நம்பிக் குடுத்தது." டப்பாவை மூடினாள். "மாடி வீட்டுக்காரர் காலைல அந்தப் பக்கம்தான் வாக்கிங் போறார், கார்ல. நாளைலேர்ந்து அவரோட போயிடறேன். கேட்டுட்டேன்."

என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஒரு ஜோக் சொல்லியிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

காரில் ஏறிப் போனாள், பையும் அவள் மடியில். நான் வாசலில் நின்று பார்த்தேன். நடக்கிறதற்குக் காரில் போகிற ஒரு மனிதரிடம் தோற்றிருக்கிறேன்.

ஆபீசுக்கு வண்டி பூப்போல ஓடியது. துரோகி.

மார்ச் 14, வியாழன்

மாடி வீட்டுக்காரர் சனிக்கிழமை விடியற்காலை மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார். வருவதற்கு ஒரு மாதமாகுமாம். இன்று மாலை படிக்கட்டில் நின்று வருத்தத்தோடு சொன்னார். வருத்தம் உண்மையானது. கார் ஓட்டிக்கொண்டே இவளிடமிருந்து எங்கள் வீட்டுக் கதையெல்லாம் கேட்டு வந்திருக்கிறார், அது நின்றுபோகிறது.

சனிக்கிழமையிலிருந்து நானும் இந்த வண்டியும்தான். இவள் ஒன்றும் சொல்லவில்லை. விடிகாலையில் ஆட்டோ வருமா என்று யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள். ஒருவரும் உறுதி சொல்லவில்லை.

'நாளைக்கு'விடம் போய்க் கெஞ்சினேன். மறுபடி எல்லாவற்றையும் பிரித்தான், மறுபடி மாட்டினான். மறுபடி அம்சமாக ஓடியது. "வித்துடுங்க சார்," என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்ததுபோல இருந்தது.

மார்ச் 15, வெள்ளி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

மதியம் சாப்பிட்டு வந்ததும் ஒரு போன். ஒரு அம்மா, நல்ல கோபத்தில். "உங்க மோட்டார் சரியில்ல. மேல் தொட்டி நிறையத் தண்ணி இருக்கு. குழாயத் திறந்தா கொஞ்ச நேரம் நல்லா வருது, அப்புறம் நூல் மாதிரி ஆகி நின்னுடுது."

"மேல ஏத்தினதோட மோட்டார் வேலை முடிஞ்சுதும்மா. தொட்டி மூடியைத் திறந்தா வருதா?"

"ஆமா, மேல போய்த் திறந்து பாத்தா உடனே வருது. மூடிட்டுக் கீழ வந்தாத் திரும்ப நிக்குது."

இதற்கெல்லாம் எனக்கு யோசனையே தேவையில்லை. ஒரு கையால் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னேன்: "தொட்டி மேல காத்துக் குழாய் ஒண்ணு வளைஞ்சு நிக்கும் பாருங்க, அது அடைச்சிருக்கும்."

"அதெல்லாம் அடைக்கல. போன வாரம்தான் ஆள் வெச்சு சுத்தம் பண்ணினோம். ஊதிக்கூடப் பாத்தாரு."

"சரி, அதுக்கு மேல ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"பல்லி விழுந்துடும்னு ஒரு பிளாஸ்டிக் பையைக் கவுத்துக் கட்டினேன். அதுக்கும் தண்ணிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"பையை எடுத்துடுங்கம்மா. தண்ணி வெளிய போற அளவுக்குக் காத்து உள்ள வரணும். ஓட்டை நல்லாத்தான் இருக்கும், ஆனா மேல ஒரு பையைக் கொண்டுபோய் வெச்சா..."

பல்லிடுக்கில் குச்சி அப்படியே நின்றது.

"ஹலோ? இருக்கீங்களா? ஹலோ?"

இருந்தேன். ஆனால் அங்கே இல்லை. பள்ளிக்கூட மதிலோரத்தில் இருந்தேன். இவளிடம் பையை நீட்டுகிறேன். அப்புறம்தான் மூடியைத் திறக்கிறேன். ஒவ்வொரு நாளும் அதே வரிசை. பையை எடுக்காமல் மூடியைத் திறக்க முடியாது, ஏனென்றால் பை மூடியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. டப்பாக்கள் நிறைந்த கனமான பை, அடியில் ரப்பர்போல வழவழவென்று ரெக்சின். இவள் வராவிட்டால் பை வராது. பை வராவிட்டால் வண்டி நிற்காது. டேங்க்கை நிரப்பிய அன்று உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. அதனால்தான் மரக்கடையிலேயே மூச்சு முட்டியது. பாவம், பங்க்காரன்.

அந்தப் பை எங்கள் கம்பெனி போன வருடம் ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. பக்கவாட்டில் நீல எழுத்தில் அச்சடித்திருக்கிறது: 'தடையில்லாத ஓட்டம், எங்கள் வாக்கு'.

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நாளைக்குப் பாப்போம்" என்றாள். எதற்கும் ஒரு ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம். இன்றைய தேதியில் என் வார்த்தையின் மதிப்பு அவ்வளவுதான்.

மார்ச் 16, சனி

பை இவள் மடியில். மரக்கடை போனது. மதில் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முதுகில் இவள் கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. மதில் முடிந்தது. பூனை எங்களை எதிர்பார்த்து எழுந்து நின்று ஏமாந்து போனது. லேப் வாசலில் போய் இறங்கினால் படையே வரவில்லை, தளபதி மட்டும். கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார், நின்றுவிட்டதோ என்று.

ஷட்டரைத் தூக்குகிற சத்தம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இவள் உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, "ஆட்டோக்காரருக்கு இனிமே வரவேணாம்னு சொல்லிடுங்க" என்றாள்.

ஒரு மணி நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18, திங்கள்

இன்றும் நேரத்துக்குப் போனோம். ஊரெல்லாம் சொல்லி முடித்தாயிற்று. ஆபீஸ், டீக்கடை, தளபதி, போனில் மாடி வீட்டுக்காரர். "பார்க்காமலேயே கண்டுபிடிச்சேன், குரலை வெச்சு" என்கிற வரியில் எல்லாருமே வாயைப் பிளந்தார்கள். பல்லைக் குத்திக்கொண்டிருந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பாக்கி இருந்தது 'நாளைக்கு' மட்டும். மாலை வீட்டிலிருந்து அந்தப் பையை எடுத்து, டப்பாக்களில் தண்ணீர் நிரப்பி, கனமாக்கி எடுத்துக்கொண்டு போனேன். நேரில் காட்டி மூக்கை உடைக்க வேண்டும். அவன் கேட்டான், தலையைச் சொறிந்தான். "காத்துக் கதை சரி சார். பை அடைக்குமா? பாத்துரலாம்." பையைத் தனக்கு முன்னால் டேங்க் மூடிமேல் வைத்துக்கொண்டு கிளம்பினான். எங்கே நிற்கிறானோ, போய்த் தள்ளிக்கொண்டு வர வேண்டுமே என்று அவன் ஸ்டூலில் பெருந்தன்மையாக உட்கார்ந்திருந்தேன்.

ரயில் பாதை போய்த் திரும்பி வந்துவிட்டான். பை டேங்க் மேலேயே இருந்தது. வண்டி பாடிக்கொண்டு வந்தது.

"நிக்கல சார்."

"நல்லா மூடிமேல வெச்சியா?"

"மூடிமேலதான் சார் இருக்கு, பாருங்க. லேசாத் துள்ளித் துள்ளி உக்காருது, காத்துப் போயிருதுல்ல." பையை என்னிடம் நீட்டினான். "ஆபீஸ்ல இருக்கறவங்க நல்லாக் கதை சொல்றீங்க."

மார்ச் 19, செவ்வாய்

இன்று மாலை ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்து ரோட்டில் தனியாகச் சோதனை. தண்ணீர் நிரப்பிய அதே பை, டேங்க் மூடிமேல் அதே இடம்.

நின்றது.

எடுத்தேன், ஓடியது. வைத்தேன், நின்றது. அவன் வைத்தால் நிற்கவில்லை, நான் வைத்தால் நிற்கிறது. ஒரே வண்டி, ஒரே பை, ஒரே மூடி. மாறியிருப்பது என்ன? சாலையோரம் வண்டியில் உட்கார்ந்தபடியே ரொம்ப நேரம் யோசித்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். பையைப் பார்க்கத்தான் குனிந்தேன். பை தெரியவில்லை. பைக்கும் என் கண்ணுக்கும் நடுவில் நான் இருந்தேன்.

பை துள்ளாதபடி, அசையாதபடி, துளிக் காற்றும் புகாதபடி அதை மூடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது நான்காவது பொத்தான்.

நம்பவில்லை. இன்னொரு சோதனை: வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஓட்டினேன். ஓடியது. மைதானத்தின் கடைசிவரைக்கும் ஓடியது. கண் பிதுங்கியபோது மூச்சை விட்டேன். கொஞ்ச தூரத்தில் விக்கல் வந்தது.

இவளைப் பாரம் என்றேன். பங்க்காரனைத் திருடன் என்றேன். வண்டியைத் துரோகி என்றேன்.

மார்ச் 20, புதன்

'நாளைக்கு'விடம் சொல்லப்போவதில்லை. அவன் என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொள்ளட்டும். அது கௌரவமான பெயர்.

மார்ச் 24, ஞாயிறு

இவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. நாலு நாளாக மாலையில் ஒரு மணி நேரம் எங்கே நடந்துவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டாள். காற்று வாங்க என்றேன்.

"உங்களுக்கா, டேங்க்குக்கா?"

மெக்கானிக் ஓட்டி நிற்கவில்லை என்று நானே திங்கட்கிழமை புலம்பினேனாம். அப்போதே புரிந்துவிட்டதாம். "ஏன் சொல்லலை?" என்றேன். "பாரம்னு பொதுவாத்தானே பேசிக்கிட்டிருந்தோம்," என்றாள்.

சிரித்து முடிக்க அவளுக்கு வெகு நேரமானது. எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆனது.

ஏப்ரல் 1, திங்கள்

இவள் வேலை நிரந்தரம். டாக்டரம்மா இதையும் மெதுவாகத்தான் சொன்னாராம். சாவியைப் புது வளையத்தில் கோத்திருக்கிறாள், நடக்கும்போது சத்தம் வருகிற மாதிரி. வீட்டுக்குள்ளும் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிறாள்.

ஊழியர் குடும்பத்துக்கு லேப்பில் பரிசோதனை இலவசமாம். அதனால் இன்று காலை நானும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் பட்டினிப்படையில் நின்றேன். தளபதி முதலில், நான் இரண்டாவது. ஷட்டர் ஏறுவதற்குள் எனக்கே கோபம் வந்துவிட்டது. "வரும்," என்றார் தளபதி, "பழகிடும்." இவள் என் பெயரைக் கூப்பிட்டாள், யாரையோ கூப்பிடுவதுபோல. ஊசி போட்டவர் நரம்பைத் தேடிக் களைத்தார். ரிசல்ட் நாளை.

மதியம் பின்னறையில் சாப்பிட உட்கார்ந்தோம். போன மாதம் முழுக்க 'அவள் சாப்பாட்டுப் பை' என்றுதான் எழுதிவந்திருக்கிறேன். அவள் பையை நான் சுமந்ததாகவும் எழுதியிருக்கிறேன். அதில் ஐந்து டப்பா இருக்கும். மேலே இருக்கிற சின்னது ஒன்றுதான் அவளுடையது.